ஆகஸ்ட் ஆறில் பிறந்த சந்து

கைரேகை எந்திரம் வரும்வரை நவ்லெட் ப்யூசி ஏழு முறை ஓட்டுப் போட்டிருந்தாள். அதில் அவளே போய்ப் போட்டது ஒரே ஒரு முறை. மற்றதெல்லாம் அவள் பெயரில் வேறு யாரோ போட்டது. கிங்ஸ்டனின் மேற்குப் பக்கம், பிமென்டோ சந்தில் இது ஒரு சேதியே இல்லை. அங்கே யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்குதான் வரும், ஒன்றிரண்டு கூடக் குறைய.

அந்த முதல் ஓட்டின்போது அவளுக்கு வயது இருபத்தைந்து. மஞ்சள் கவுனுக்குக் கஞ்சி போட்டு, தேய்த்து, உடுத்திக்கொண்டு போனாள். வரிசையில் முன்னால் நின்றவர் சீட்டில் குறி போட்டுவிட்டு, அதை மடிக்காமல் ஜன்னலோரம் நின்றவனிடம் விரித்துக் காட்டினார். அவன் தலையசைத்த பிறகுதான் பெட்டியில் போட்டார். அதுதான் முறை போலிருக்கிறது என்று நவ்லெட்டும் விரித்துக் காட்டினாள். அவன் அவளைப் பார்த்துக் கண்ணடித்ததில் சீட்டைப் பார்த்தானா என்பதே சந்தேகம்.

அதற்குப் பிறகு எண்பதாம் ஆண்டுத் தேர்தல் வந்தது. அந்த ஆண்டில் செத்தவர்களை எண்ணி முடிக்க ஆளில்லை. சந்தின் கோடியில் மழைத் தண்ணீர் ஓடுகிற கான்கிரீட் கால்வாய் ஒன்று உண்டு. அதுவரை பிள்ளைகள் அதற்குள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு அது எல்லையாகிப் போனது. இந்தக் கரை ஒரு கட்சி, அந்தக் கரை இன்னொரு கட்சி. நவ்லெட்டின் அக்கா எஸ்லின் வாழ்க்கைப்பட்டது அந்தக் கரையில். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனால் அக்காவும் தங்கையும் பார்த்துக்கொள்ள இரண்டு பஸ் பிடித்து நகரச் சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. ஆண்டில் ஒரு நாள், மார்ச் மாதத்தில், இருவரும் சந்தைப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து ஒரே கேக்கைப் பாதியாக்கித் தின்பார்கள். நவ்லெட் பிறந்தது பதினொன்றாம் தேதி, எஸ்லின் பதின்மூன்று. நடுவில் பன்னிரண்டாம் தேதி பொதுவான பிறந்தநாள். சந்தில் இது யாருக்கும் தெரியாது. எங்கே போனாய் என்று கேட்டால், சலவைப் பவுடர் மலிவாகக் கிடைத்தது என்பாள்.

தொழில் துணி துவைப்பது. நர்சுகளின் வெள்ளை உடுப்பு, இரண்டு விடுதிகளின் படுக்கை விரிப்பு, பாதிரியாரின் அங்கி. முற்றத்துக் குழாயடியில் மூன்று தொட்டிகள், காரச் சோப்பு, நீலம், ப்ளீச். முப்பது ஆண்டுகளாக அந்த ப்ளீச்சில் கை ஊறி, விரல் நுனியெல்லாம் கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. ஊசி எடுத்தால் நழுவும். அவள் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

எதிர் அறையில் டோரெல். கட்சிக்கு அந்தச் சந்தின் பொறுப்பாளர். குரல் ஊதல் மாதிரி, மனசு அவ்வளவு மோசமில்லை. அவளிடம் ஐந்து தொப்பிகள் இருந்தன. தேர்தலன்று காலையில் ஒவ்வொரு தொப்பியாக மாற்றி மாற்றி ஐந்து பெயரில் ஓட்டுப் போட்டுவிட்டு வருவாள். ஒவ்வொரு தடவையும் விரல் மையை அழிக்க ஒரு மூடி ப்ளீச் வேண்டும். அதற்கு நவ்லெட்டின் வாசலுக்குத்தான் வருவாள்.

"நவி, ஒரு மூடி ஊத்துடி."

"இப்பதானே ஊத்தினேன்?"

"அது மிஸ் க்ளோவர் பேருக்கு. இது உனக்கு. வெயில்ல நீ எதுக்கு அலையணும்? போட்டாச்சு, போ, துணியைப் பாரு."

பத்து மணிக்கெல்லாம் பெட்டி நிறைந்துவிடும். ஒரு தடவை பட்டியலில் இருந்த பெயரைவிடப் பெட்டியில் இருந்த சீட்டு கூடுதலாகப் போய்விட்டது. டீக்கன் ப்ரௌடி செத்து ஆறு வருடமாகியும் ஒரு தேர்தலைக்கூடத் தவறவிட்டதில்லை. எதிர்க்கட்சி முகவர் என்று ஒருவர் பெயர் எழுதியிருக்கும். தேர்தலன்று காலையில் அவருக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும். எல்லாத் தேர்தலிலும் அதே வயிற்றுப்போக்கு.

இதையெல்லாம் நவ்லெட் தப்பென்று நினைத்தாளா என்றால், நினைத்தாள் என்றும் சொல்ல முடியாது. அறை அவளுக்குக் கட்சி கொடுத்தது. அந்த அறையில் யார் இருக்கலாம், யார் போகலாம் என்பதைச் சொல்கிறவர் கர்லி. சந்தின் டான். போன ஆண்டு தச்சன் வின்ஸ்டன் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போய்வந்தான் என்று தெரிந்ததும், அன்று பகலிலேயே மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு சந்தைவிட்டு நடந்தான். அடி இல்லை, சத்தம் இல்லை. கர்லி சொல்லி அனுப்பினார், அவன் போனான். ஐம்பத்தாறு வயதில் மெத்தை சுமக்க நவ்லெட்டுக்குத் தெம்பில்லை.

இப்படியே போயிருக்கும், எஸ்லின் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் படுக்காமல் இருந்திருந்தால். ஆஸ்பத்திரிக்குக் கட்சி கிடையாது. நவ்லெட் தினமும் போனாள். அந்த ஆண்டுப் பன்னிரண்டாம் தேதி வார்டிலேயே கேக் வெட்டினார்கள். எஸ்லின் வீட்டு முற்றத்தில் குடியிருக்கிற லாசெல்ஸ் என்ற நாற்பது வயது ஆசாமி, பஸ் கண்டக்டர், தினமும் அவளுக்குச் சோளக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

பேச்சோடு பேச்சாகத் தேர்தல் பேச்சும் வந்தது. எஸ்லின் கேட்டாள், "நீ யாருக்குப் போடுவே?"

"எனக்கென்ன தெரியும்? டோரெல் போட்டுடுவா."

எஸ்லின் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்தாள். "ஊர்ல இருக்கிறவன் உள்ளாடையெல்லாம் கசக்கித் துவைக்கிற கை! ஒரு பென்சில் பிடிச்சு ஒரு பெருக்கல் குறி போடத் துப்பில்லையா? அம்மா இருந்திருந்தா உன்னைத் தொட்டியில முக்கியிருப்பா."

லாசெல்ஸ் கேக்கைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். அதுதான் நவ்லெட்டுக்குச் சுருக்கென்றது. அக்கா சிரித்தால் போகட்டும். கேக் தின்ன வந்த கண்டக்டருமா?

அடுத்த தேர்தலுக்குள் கைரேகை எந்திரம் வந்துவிட்டது. இந்தப் பக்கத்துத் தொகுதிகள் போன்ற இடங்களுக்கென்றே கொண்டுவந்தது. அட்டையில் படம் இருந்தாலும், ஒரே அட்டையை நாலு பேர் நீட்டுகிற ஊரில் படத்தை நம்பக் கூடாதென்று மேலிடத்து உத்தரவு. எல்லாரும் சர்ச் கூடத்துக்குப் போய் விரல் வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும். வரிசை நீளக் கூடாதென்று டோரெல் ஒரு உதவி செய்தாள். சந்து முழுக்க உள்ளவர்களின் படிவங்களை வாங்கி, முந்தின நாளே அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்து நிரப்பிவிட்டாள். கூடத்தில் விரலை வைத்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். நவ்லெட் கண்ணாடி கொண்டுபோகவில்லை. காட்டிய இடத்தில் போட்டாள். ரேகை விழுந்ததா என்று அங்கே யாரும் பார்க்கவில்லை.

தேர்தலன்று மஞ்சள் கவுன் இல்லை, சர்ச்சுக்குப் போடுகிற நீலக் கவுன். ஏழரைக்கே ஓட்டுச்சாவடியான பாலர் பள்ளி வாசலில் நின்றாள், உள்ளே போக ஒன்பதாகிவிட்டது. தொப்பிகளுக்கு இனி வேலையில்லாததால் டோரெல் கட்சி முகவராக உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தவர் எதிர்க்கட்சி முகவர். இந்தத் தடவை வயிற்றுப்போக்கு வரவில்லை. ராணுவ ஜீப்பில் வைத்துக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். நவ்லெட் முகத்தைப் பார்த்தாள். லாசெல்ஸ்.

அவன் சட்டென்று கையிலிருந்த பட்டியலுக்குள் கண்ணைப் புதைத்துக்கொண்டான். நவ்லெட்டும் சுவரில் ஒட்டியிருந்த வாய்ப்பாட்டைப் படித்தாள். நல்லவேளை, இருவருக்கும் புத்தி இருந்தது.

"விரலை வைங்கம்மா," என்றாள் தேர்தல் அதிகாரி மிஸ் டுல்லாக். மலைப்பக்கத்துப் பள்ளியில் டீச்சராம். சின்னப் பெண், குரலில் மட்டும் பிரம்பு.

வைத்தாள். எந்திரம் சிவப்பு விளக்கு காட்டியது. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. இடது கை, கட்டை விரல், மோதிர விரல். எல்லாம் சிவப்பு.

"உங்களுக்கு ரேகையே இல்லையே?"

"இருந்துச்சு கண்ணு. நர்சுங்க உடுப்போட போயிடுச்சு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மிஸ் டுல்லாக் சிரிக்கவில்லை. அதற்கும் விதி வைத்திருந்தார்கள். பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். படிவத்தில் உள்ளதைக் கேட்பார்கள், சரியாகச் சொல்ல வேண்டும். சொன்னதில் பிசகு இருந்தாலும், ஆளை எனக்குத் தெரியும் என்று இரண்டு கட்சி முகவர்களும் கையெழுத்துப் போட்டால் அனுமதிக்கலாம். ஒருவர் மறுத்தாலும் ஓட்டு இல்லை.

நவ்லெட் பைபிளில் கை வைத்தாள்.

"அம்மா பேரு?"

"அயோனா ப்யூசி."

"சரி. பிறந்த ஊரு?"

"போர்ட்லண்ட்."

"சரி. பிறந்த தேதி?"

"மார்ச் பதினொண்ணு. ஐம்பத்தொண்ணாம் வருஷம்."

மிஸ் டுல்லாக் படிவத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? நான்தானே பொறந்தேன்?"

டோரெல் இருமினாள். "நவி, ஆகஸ்ட் ஆறு. நாற்பத்தெட்டு. உனக்கு எப்பவும் மறதி."

"முகவர் பேசக் கூடாது!"

லாசெல்ஸ் அப்போதுதான் பட்டியலிலிருந்து தலை தூக்கினான். காலையிலிருந்து அவனை அரித்துக்கொண்டிருந்தது போலும். "மேடம், ஒண்ணு கேக்கலாமா? இதுவரைக்கும் வந்தவங்கள்ல முப்பத்தொரு பேருக்கு ஆகஸ்ட் ஆறு. இந்தச் சந்துல எல்லாரும் சுதந்திர தினத்தன்னைக்குத்தான் பொறப்பாங்களா?"

"தேசபக்தி உள்ள சந்து," என்றாள் டோரெல். வாசலில் நின்ற சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நடந்தது நவ்லெட்டுக்கு மெல்ல விளங்கியது. பிறந்த தேதி தனக்குத் தெரியாதவர்களுக்கெல்லாம் டோரெல் நாட்டின் பிறந்த தேதியைப் போட்டு, வருடத்தை முகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாள். முப்பது வருடமாக எதிர் அறை. டோரெலுக்கு எப்படித் தெரியும், பிறந்தநாளை நவ்லெட் சந்தில் கொண்டாடியிருந்தால்தானே? ஆனாலும் ஒன்று பொறுக்கவில்லை.

"மூணு வயசு கூட்டியா போட்டே?"

"காலைல பார்த்தா அப்படித்தான் இருக்கே."

"அமைதி!" மிஸ் டுல்லாக் பேனாவால் மேசையைத் தட்டினாள். "அம்மா, கடைசியாகக் கேக்கிறேன். பிறந்த தேதி என்ன?"

டோரெல் உதட்டை அசைத்து ஆகஸ்ட் என்றாள். எவ்வளவு சுலபம். ஒரு வார்த்தை. சந்தில் முப்பத்தொரு பேர் விரலை மட்டும் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் ஆகஸ்ட் ஆறில் பிறந்தவர்களாகவே ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளும் சொன்னால் சீட்டு கைக்கு வந்துவிடும். ஆனால் கை பைபிளின் மேல் இருந்தது. அதோடு, இவ்வளவு நாள் அவள் பெயரில் ஓட்டுப் போட்டவள் எழுதிவைத்த தேதியைச் சொல்லி ஓட்டு வாங்குவதென்றால், அதற்கு வீட்டிலேயே இருந்து துணி அலசியிருக்கலாம்.

"மார்ச் பதினொண்ணு."

"அப்போ பொருந்தல. முகவர்கள் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். மிஸ் டோரெல்?"

"போடுறேன். முப்பது வருஷமா எதிர் வீடு."

"மிஸ்டர் லாசெல்ஸ்? ஆட்சேபம் இருக்கா?"

ஆட்சேபம் சொல்லத்தான் அவனை ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். சந்தேகம் என்றால் மறு, இல்லாவிட்டாலும் மறு. அவன் பேனாவின் மூடியைத் திறந்தான், மூடினான்.

"ஆட்சேபம் இல்ல."

"ஆளை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "மார்ச்சுதான்," என்றான்.

"எப்படித் தெரியும்? நான் எழுதணும்."

அவன் பட்டியலைப் புரட்டினான். டோரெலின் முகம் மெதுவாக அவன் பக்கம் திரும்பி, பிறகு நவ்லெட் பக்கம் திரும்பியது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்தான் ஒருவனுக்கு இந்தப் பக்கத்து வண்ணாத்தியின் பிறந்த தேதி எப்படித் தெரியும்? வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நவ்லெட்டுக்கு அறை நினைவுக்கு வந்தது, மூன்று தொட்டி, இரும்புக் கட்டில், ஜன்னல் திரை. இப்போது திரும்பிப் போய்விட்டால் ஒன்றும் ஆகாது. ரேகை விழவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான் சேதி.

"அவர் வாயைக் கிளறாதீங்க," என்றாள். "நானே சொல்றேன். என் கூடப்பொறந்த அக்கா அந்தப் பக்கம் இருக்கா. இவர் அவ முற்றத்துல குடியிருக்கார். போன வருஷம் ஆஸ்பத்திரியில நாங்க கேக் வெட்டினப்ப இவரும் தின்னார். பெரிய துண்டு. எழுதிக்குங்க."

மிஸ் டுல்லாக் எழுதினாள், கேக் உட்பட. லாசெல்ஸ் கையெழுத்துப் போட்டுத் தாளை டோரெல் பக்கம் தள்ளினான். டோரெல் பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். தான் போட மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு இப்போது காரணம் கிடைத்திருந்தது. ஆனால் போடுகிறேன் என்று இப்போதுதான் சொல்லியிருந்தாள், சிப்பாய் கேட்டிருந்தான். கட்சிக்கு ஒரு ஓட்டு குறைவதும் அவள் கணக்கில்தான் விழும். இதில் எது அவள் கையை அசைத்ததென்று நவ்லெட்டுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தாள் கிழிகிற அழுத்தத்தில் டோரெல் கையெழுத்துப் போட்டாள்.

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நூல் கட்டிய பென்சில் ஒன்று கிடந்தது. நவ்லெட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு சின்னங்களையும் நிதானமாகப் பார்த்தாள். பென்சில் முதல் தடவை நழுவியது. கவுனில் கையைத் துடைத்துக்கொண்டு, கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி ஒரு பெருக்கல் குறி போட்டாள். இரண்டாக மடித்து, நாலாக மடித்தாள். பெட்டியில் விட்டுவிட்டு விரலை மையில் முக்கினாள். வெளியே வந்தபோது வரிசை அவளுக்கு வழி விட்டது, கொஞ்சம் அதிகமாகவே விட்டது.

அன்று மாலை எண்ணினார்கள். பட்டியலில் இருநூற்றுச் சொச்சம் பெயர். பதிவானது நூற்று முப்பத்தைந்து. சந்தின் கட்சிக்கு நூற்று முப்பத்தொன்று. மற்றவர்களுக்கு நான்கு. வேட்பாளர் ஜெயித்துவிட்டார், அதில் யாருக்கும் கவலை இருந்ததில்லை. ஆனால் அந்த நான்கு! பிமென்டோ சந்தின் பெட்டியில் இதுவரை விழாத நான்கு. வெற்றி ஊர்வலத்தின் மத்தளச் சத்தத்துக்கு நடுவிலும் ஆட்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணும்போது கண் எந்த வாசலுக்குப் போகிறதென்று நவ்லெட்டுக்குத் தெரிந்தது. திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள். தூங்கவும் செய்தாள்.

காலையில் விடுதி விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தபோது டோரெல் வந்தாள். வந்து கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தாள்.

"கர்லி கூப்பிட்டு விட்டார்."

"ம்."

"அந்த நாலு யாருன்னு கேட்டார்."

நவ்லெட் கையை நிறுத்தவில்லை. "என்ன சொன்னே?"

"கிழடுங்க, கண்ணு தெரியாம கட்டம் மாத்திப் போட்டுடுச்சுங்கன்னேன். அப்புறம் உன்னைக் கேட்டார். அக்கா, ஆஸ்பத்திரி, எல்லாம் அதுக்குள்ள அவர் காதுக்குப் போயிருக்கு."

"போகாம இருக்குமா?"

"நான் சொன்னேன், அது நான் சொல்லிக்கொடுத்த பேச்சு, அந்த ஆளை மடக்கிக் கையெழுத்து வாங்கத்தான் அப்படி ஒரு கதை விட்டோம், நவிக்கு அக்காவும் இல்ல தங்கச்சியும் இல்லன்னு. அவர் சிரிச்சுட்டார். டோரெல், நீ இல்லாட்டி இந்தக் கட்சி இல்லன்னார்." டோரெல் பெருமையை மறைக்க முயலவில்லை. "நீ யாராவது கேட்டா அப்படியே சொல்லிடு."

"என்னால சொல்ல முடியாது."

"உன்னைச் சொல்லச் சொல்லல. மறுக்காம இரு, போதும். சும்மா துணி துவைச்சுக்கிட்டு இரு."

பைபிளின் மேல் சொல்ல முடியாததைக் குழாயடியில் மறுக்காமல் இருப்பது பொய்யாகுமா என்று நவ்லெட் கொஞ்சம் யோசித்தாள். ஆகும் என்றுதான் தோன்றியது. கட்டிலும் திரையும் தொட்டியும் இருந்த இடத்தில் இருக்கின்றன என்றும் தோன்றியது.

"சரி," என்றாள். "உன் பொய், உன் பாடு. நான் குறுக்க வரல."

டோரெல் வாளியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "இப்ப என்கிட்ட மட்டும் சொல்லு. அந்த நாலுல ஒண்ணு நீயா?"

"இல்ல."

"சத்தியமா?"

"நம்ம சின்னத்துக்குத்தான் போட்டேன். இந்தக் குழாய் போட்டுக் கொடுத்தாங்க இல்ல? அந்தப் பக்கத்தான் நமக்கு என்ன செஞ்சான்?"

டோரெல் வாயைப் பிளந்தாள். "அடிப்பாவி! அதுக்கா இவ்வளவு பாடு? நானே போட்டிருப்பேனே!"

நவ்லெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டோரெல் முதலில் முறைத்தாள், பிறகு அவளுக்கும் தொற்றிக்கொண்டது. மாடியில் யாரோ, காலங்காத்தால என்ன கூத்து என்று கத்தினார்கள்.

"பிடி," என்று நவ்லெட் ஈர விரிப்பின் ஒரு முனையை நீட்டினாள். டோரெல் எழுந்து பிடித்துக்கொண்டாள். ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டி டோரெலின் செருப்பை நனைத்தது. இரண்டாவது விரிப்புக்குக் கை நீட்டும்போது, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"உன் அக்காவுக்கு இடுப்பு இப்ப எப்படி இருக்கு?"

"நடக்கிறா. குச்சி வச்சுக்கிட்டு."

"ம். எண்ணெய் தேய்க்கச் சொல்லு. சும்மா விட்டா இறுகிப்போகும்."

"சொல்றேன்," என்றாள் நவ்லெட். இருவரும் மூன்றாவது விரிப்பை எடுத்தார்கள்.